தறிவீடு, லாரி, கோழிப்பண்ணை: கணக்கில் விடுபடுவோர் யார்?

1871ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கில், இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளையும் உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் பதிவாயினர். பத்தாண்டு கழித்து 1881இல் மீண்டும் எண்ணியபோது அந்தத் தொகை ஏறத்தாழ 16 லட்சமாகக் குறைந்திருந்தது. இடையில் வந்தது, மக்கள் இன்றளவும் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லும் 1876–78ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சம். குறைந்துபோன மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரில் பசியாலும் காலராவாலும் மடிந்தவர்கள் மிகப் பலர். ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவர்களும், பஞ்சத்தால் பிறக்காமலே போன குழந்தைகளும் அந்த இடைவெளியில் அடங்குவர். ஆயினும் அந்தப் பேரழிவு இந்த மாவட்டத்தை எந்த அளவுக்கு உலுக்கியது என்பதை இன்றைக்கு ஒருவர் அறிந்துகொள்ள முடிவதற்குக் காரணம், அதற்கு முன்னும் பின்னும் யாரோ வீடு வீடாகச் சென்று ஆட்களை எண்ணி எழுதிவைத்ததே ஆகும்.

நூறாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, இதே மண்ணின் இன்னொரு துயரத்தையும் மக்கள்தொகைக் கணக்குதான் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் எத்தனை பேர் என்று காட்டும் அளவுக்குக் குழந்தைப் பாலின விகிதம் என்று பெயர். 1991, 2001 ஆகிய இரு கணக்கெடுப்புகளிலும் சேலம் மாவட்டத்தின் விகிதம் 850ஐ ஒட்டியே நின்றது. மாநிலத்தின் சராசரியோ 940க்கும் மேல் இருந்தது. பிறந்த பெண் சிசுவைக் கொல்லும் வழக்கமும், கருவிலேயே பாலினம் கண்டு கலைக்கும் வழக்கமும் ஊரார் அறிந்தவையாக இருந்தும், ஊர் வாய் மூடியிருந்த இடத்தில் எண்கள் பேசின. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. 1994இல் கருவின் பாலினம் அறிவதைத் தடைசெய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் இயற்றப்பட்டது. 2011இல் சேலத்தின் விகிதம் 916 ஆக உயர்ந்தது. அது போதுமான உயர்வு அன்று. உயர்ந்ததையும், இன்னும் உயரவேண்டியிருப்பதையும் சொன்னதும் அதே கணக்குதான்.

2011க்குப் பின் 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாப் பெருந்தொற்றால் தள்ளிப்போனதால், 34,82,056 பேர் கொண்ட சேலமும் 17,26,601 பேர் கொண்ட நாமக்கல்லும் பல ஆண்டுகளாக அந்தப் பழைய எண்களைக் கொண்டே திட்டமிடப்பட்டு வருகின்றன. 2027 மார்ச் 1 நள்ளிரவை அடிப்படை நேரமாகக் கொண்ட இப்போதைய கணக்கெடுப்பு இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதலாவது, வீடுகளையும் அவற்றின் வசதிகளையும் பதியும் வீட்டுப் பட்டியல் தயாரிப்பு. இது 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கப்பட்ட முப்பது நாள்களில் நடப்பது. இரண்டாவது, 2027 பிப்ரவரியில் ஆள் ஆளாக எண்ணுவது. கைப்பேசிச் செயலி வழியே விவரம் பதிவதும், விரும்புவோர் இணையத்தில் தாமே விவரங்களை நிரப்பி, கிடைக்கும் அடையாள எண்ணைக் கணக்கெடுப்பாளரிடம் தருவதும், 1931க்குப் பின் முதன்முறையாக அனைத்துச் சாதிகளையும் எண்ணுவதும் இந்தக் கணக்கெடுப்பின் புதிய கூறுகள்.

எண்ணும் பணியைச் செய்வோர் பெரும்பாலும் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்களும் அரசுப் பணியாளர்களுமே. ஒருவருக்கு ஒதுக்கப்படும் பகுதியில் சுமார் 700 முதல் 800 பேர் இருப்பர். பள்ளி வேலை முடிந்தபின் மாலை நேரத்தில் கதவைத் தட்டும் அந்த ஒருவரால், வீட்டார் சொல்வதைத்தான் எழுதமுடியுமே ஒழிய, சொல்லாததை ஊகித்து எழுத முடியாது. 2011 கணக்கெடுப்புக்குப் பின் நடத்தப்பட்ட சரிபார்ப்பு ஆய்வில், நாட்டில் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டது தெரியவந்தது. இவர்கள் எங்கோ காட்டில் ஒளிந்திருந்தவர்கள் அல்லர். கேட்டவருக்கும் சொன்னவருக்கும் நினைவில் வராமல் போனவர்களும் இவர்களில் இருக்கலாம். நகரங்களில் இந்த விடுபாடு அதிகமாக இருந்தது.

சேலம், நாமக்கல் சமவெளியில் இவ்வாறு நினைவில் தவறக்கூடியவர்கள் மிகுதி. இந்த வட்டாரத்தின் பிழைப்பே அப்படி அமைந்தது. நாமக்கல், சங்ககிரி லாரிகளில் போகும் ஓட்டுநரும் கிளீனரும் வாரக்கணக்கில் வெளியில் இருப்பர். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளோடு செல்வோர் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் என்று மாதக்கணக்கில் ஊர் திரும்புவதில்லை. கோடை நெருங்கும் பிப்ரவரி அவர்களுக்கு வேலை சூடுபிடிக்கும் பருவம். இவர்களை எங்கே எண்ணுவது என்பதற்குத் தெளிவான விதி உண்டு. 2011இல் பின்பற்றப்பட்ட முறைப்படி, வழக்கமாக ஒரு வீட்டில் வசிப்பவர் கணக்கெடுப்புக் காலத்தில் சில நாளாவது அங்கே தங்கியிருந்தாலோ, அக்காலம் முடிவதற்குள் திரும்புவார் என்று தெரிந்தாலோ, கணக்கெடுப்பாளர் வரும் நேரத்தில் அவர் இல்லாவிட்டாலும் அந்த வீட்டிலேயே எண்ணப்படுவார். காலம் முழுவதும் வெளியூரில் இருப்பவர் இருக்கும் இடத்திலேயே எண்ணப்பட வேண்டும். ஆகவே லோடு இறக்கப் போய் அந்த வாரமே திரும்பும் ஓட்டுநரை வீட்டார் விட்டுவிடக் கூடாது. மாதக்கணக்கில் போன ரிக் தொழிலாளி, தான் இருக்கும் ஊரில் தன்னை எண்ணினார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நாமக்கல், ராசிபுரம் பகுதி விடுதிப் பள்ளிகளில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் விடுதியிலேயே எண்ணப்படுவர் என்பதால், பெற்றோர் அவர்களை வீட்டுக் கணக்கிலும் சேர்த்தால் ஒரே பிள்ளை இருமுறை எண்ணப்பட்டுவிடும்.

ஊரைவிட்டுப் போனவர்களைப் போலவே ஊருக்குள் வந்தவர்களும் விடுபடுகிறார்கள். கோழிப்பண்ணைகளிலும் நூற்பாலைகளிலும் செங்கல் சூளைகளிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலத் தொழிலாளர் குடும்பத்தோடு தங்கியிருக்கின்றனர். பண்ணை ஊருக்கு வெளியே இருக்கும், கதவு பூட்டியிருக்கும், மொழி புரியாது. ‘இவங்க நம்ம ஊர் ஆளுங்க இல்லீங்க’ என்று உரிமையாளர் சொல்லிவிட்டால் ஒரு குடும்பமே காகிதத்தில் இல்லாமல் போய்விடும். மக்கள்தொகைக் கணக்குக் குடியுரிமையையோ சொந்த ஊரையோ பார்த்து ஆளைச் சேர்ப்பதில்லை. கணக்கெடுப்புக் காலத்தில் அங்கே வசிப்பவர் அனைவரையும் அது எண்ணுகிறது. அந்தக் குழந்தைகளுக்கு அங்கன்வாடியும் பள்ளியும் தேவைப்படுவது இந்த ஊரில்தான்.

எல்லாவற்றையும்விட ஆழமாகப் புதைந்திருப்பது பெண்களின் உழைப்பு. இளம்பிள்ளை, குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளின் தறிவீடு ஒன்றில் மனைவி என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால், ‘வேலைக்கெல்லாம் போறதில்லீங்க, வூட்லதான் இருக்குது’ என்ற பதிலே பெரும்பாலும் வரும். பதில் வரும் அதே நேரத்தில் அந்தப் பெண் திண்ணையில் உட்கார்ந்து தறிக்குத் தார் நூல் சுற்றிக்கொண்டிருப்பார். காலையில் மாட்டுக்குத் தீவனம் வைத்துப் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றியவரும் அவரே. கூலி கையில் வராவிட்டாலும், குடும்பத் தறியிலோ குடும்ப நிலத்திலோ செய்யும் உழைப்பைக் கணக்கெடுப்பு வேலை என்றே கொள்கிறது: ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ செய்தால் முதன்மைத் தொழிலாளர், குறைவாகச் செய்தால் குறுங்காலத் தொழிலாளர். ‘சும்மா இருக்கிறார்’ என்று ஒருவர் சொல்லும் ஒவ்வொரு முறையும், ஒரு தொழிலாளி அரசின் பார்வையிலிருந்து மறைகிறார். நெசவாளர் நலத்திட்டம் வகுப்போர் அந்தப் பெண்ணைக் காண்பதில்லை.

விவரம் சொல்லத் தயங்குவோருக்குக் காரணங்கள் உண்டு. ரேஷன் அட்டை ரத்தாகுமோ, வரி கூடுமோ, உதவித்தொகை நிற்குமோ என்ற அச்சம் இயல்பானது. அதை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது. 1948ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு இதற்கு விடையளிக்கிறது. ஒரு வீட்டைப் பற்றி எழுதப்பட்ட பதிவை மற்ற எவரும் பார்வையிட முடியாது. இந்தச் சட்டத்தின் கீழான குற்றவழக்கு தவிர வேறு எந்த வழக்கிலும் அதைச் சாட்சியமாக வைக்க முடியாது. கேள்விக்கு அறிந்தவரை உண்மையாகப் பதில் சொல்வதும் அதே சட்டப்படி கடமைதான். ஆயினும் 8ஆவது பிரிவு ஒரு சலுகை தருகிறது: வழக்கத்தால் கணவர் பெயரைச் சொல்லக்கூடாத பெண் அதைச் சொல்லத் தேவையில்லை. இந்தப் பக்கத்துக் கிராமங்களின் முதிய பெண்கள் பலருக்கு இது இன்றும் பொருந்தும். வங்கிக் கணக்கு எண்ணோ கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யோ வீடு தேடி வரும் கணக்கெடுப்பாளருக்குத் தேவையில்லை. அவற்றைக் கேட்பவர் கணக்கெடுக்க வந்தவராக இருக்கமாட்டார்.

ஊராட்சி வார்டுகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் ஒதுக்குவதும், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசின் தானிய ஒதுக்கீடும், உள்ளாட்சிகளுக்கு நிதி பகிர்வதும் இந்த எண்ணிக்கையைச் சார்ந்தே நடக்கின்றன. ஆகவே கணக்கெடுப்பைக் கணக்கெடுப்பாளரின் தலையில் மட்டும் கட்டிவிடாமல் ஊர் தன் பங்கைச் செய்யவேண்டும். ஊராட்சி நிர்வாகத்தினரும் மகளிர் குழுவினரும் தெருவில் எந்த வீடு பூட்டிக்கிடக்கிறது, எந்தப் பண்ணையில் யார் தங்கியிருக்கிறார்கள் என்று சுட்டிக்காட்டலாம். லாரி உரிமையாளர் சங்கங்கள் ஓட்டுநர்களுக்கு விதியை எடுத்துச் சொல்லலாம். பண்ணை உரிமையாளர் தமிழும் இந்தியும் தெரிந்த தொழிலாளி ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தலாம். கதவைத் திறப்பவர், பிறந்து பத்து நாளான பெண் குழந்தையையும், படுத்த படுக்கையான பாட்டியையும், வழியில் லாரியில் இருக்கும் மகனையும், தார் சுற்றும் மனைவியின் வேலையையும் விடாமல் சொல்லவேண்டும்.