மானுக்கு வேண்டுவது அரிசியா, நீரா?

குற்றாலம் என்றதும் நம் நினைவுக்கு வருவன பேரருவியும், ஐந்தருவியும், ஆனி ஆடி மாதங்களில் முகத்தில் தெளிக்கும் சாரலும் அன்றோ! ஆனால் மாசி, பங்குனி மாதங்களில் அருவிக்கரைக்குச் சென்றவர்கள் நம்மில் சிலரே. அப்போது பாறையின் மேல் நூல்போல நீர் வழியும். சில நாள்களில் அதுவும் இராது. மலைச்சரிவில் புல் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும். அந்நாள்களில் காட்டில் வாழும் வாயில்லா உயிர்கள் என்ன செய்யும்?

இக்கேள்வி ஒரு தவக்காலத்தில் எங்கள் வகுப்பில் எழுந்தது. வழக்கம்போல் ஏழைகளுக்காகப் பிடியரிசி சேர்த்துக்கொண்டிருந்தோம். "மலையடிவாரத்தில் ஒரு தொட்டி கட்டி, இதில் ஒரு பங்கை மான்களுக்குப் போட்டால் என்ன?" என்றாள் ஒரு தோழி. எல்லோரும் கைதட்டினோம். தொட்டிக்குப் படம்கூட வரைந்துவிட்டோம். அறிவியல் எடுக்கும் சிஸ்டர் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "முதலில் மானின் வயிற்றைப் படியுங்கள், பிறகு தொட்டியைக் கட்டலாம்" என்றார்கள். அவ்வாறு படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

நம் மலையின் மான்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் நம் பக்கத்துக் காடுகளில் பல வகை மான்கள் உண்டு. எல்லாவற்றிலும் பெரியது கடமான். அதை நம்மூரில் மிளா என்பார்கள். நன்கு வளர்ந்த கிடா 200 கிலோவுக்கு மேலும் இருக்கும். புள்ளிமான் கூட்டமாக வாழ்வது. திறந்த புல்வெளியை விரும்புவது. கேளையாடு சிறிய மான். ஆபத்தைக் கண்டால் நாய் குரைப்பதுபோல் கத்தும். சருகுமான் ஏறக்குறைய முயல் அளவே உள்ளது. அதற்குக் கொம்பு கிடையாது; விலங்கியலார் அதை உண்மையான மான் குடும்பத்தில் சேர்ப்பதில்லை.

பனி நாட்டு வழக்கம்

மான்களுக்குத் தீவனம் வைக்கும் வழக்கம் பனி பெய்யும் நாடுகளில் உண்டு. ஆஸ்திரியா போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் காட்டுக்குள் மரத்தட்டிகள் அமைத்து உலர்புல் வைப்பார்கள். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் எல்க் என்னும் பெரிய மான்களுக்காக 1912-ஆம் ஆண்டு ஒரு புகலிடமே ஏற்பட்டது. புல்லெல்லாம் பனிக்கடியில் புதைந்துவிடுவதால் மனிதர் இரக்கங்கொண்டு செய்த ஏற்பாடு இது.

ஆனால் இரக்கத்தினால் விளைந்த தீமைகளும் உண்டு. மான் அசைபோடும் விலங்கு. அதன் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்து, இலையையும் பட்டையையும் புளிக்கவைத்துச் செரிக்கச் செய்கின்றன. எந்தப் பருவத்தில் எந்தத் தழை கிடைக்கிறதோ, அதற்கேற்ற நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லப் பெருகும். திடீரென்று சோளமோ அரிசியோ வயிறு நிறையக் கிடைத்தால், மாவுச்சத்து வேகமாகப் புளித்து வயிற்றில் அமிலம் மிகுந்துவிடும். மான் நோயுற்று இறக்கவும் கூடும். உலர்புல்லைத் தின்று வயிறு நிறைந்திருந்தும், அது செரிக்காமல் பட்டினியால் மடிந்த மான்களும் உண்டு!

மற்றொரு தீமை நோய். காட்டில் சிதறி மேயும் மான்கள் தீவனம் வைக்கும் இடத்தில் முகத்தோடு முகம் உரச நெருங்கி நிற்கின்றன. எச்சில் வழியாகவும் சாணம் வழியாகவும் நோய் பரவுகிறது. 1967-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோவில் முதன்முதலில் காணப்பட்ட, மூளையைத் தாக்கி மானை உருக்கிக் கொல்லும் நோய் பின்னர்ப் பல மாநிலங்களுக்குப் பரவியது. அதற்கு மருந்து இல்லை. ஆகவே அங்கே பல இடங்களில் காட்டு மான்களுக்குத் தீவனம் வைப்பதையே தடை செய்துள்ளார்கள்.

இவற்றைப் படித்தபின் எங்கள் பிடியரிசித் தொட்டியின் படத்தை நாங்களே கிழித்துப் போட்டோம்.

நம் மான்களின் பஞ்சகாலம்

நம் நாட்டில் மார்கழியில் மான் பட்டினி கிடப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் காடு பச்சைப் பசேலென்று இருக்கும். நம் மான்களின் பஞ்சகாலம் மாசி முதல் வைகாசி வரை. அப்போதும் காட்டில் தழை அறவே இல்லாமற் போவதில்லை. மரத்தின் தளிரும் உதிர்ந்த பூவும் காயும் கிடைக்கும். அருகிப் போவது தண்ணீரே. ஓடைகள் வற்றிவிட்டால் மான்கள் தோட்டங்களையும் ஊர்க்கிணறுகளையும் தேடி வருகின்றன. வழியில் நாய்கள் துரத்துகின்றன. சாலையில் வாகனங்கள் மோதுகின்றன. கைப்பிடிச் சுவரில்லாக் கிணற்றில் தவறி விழுகின்றன.

ஆகவேதான் நம் வனத்துறையினர் கோடையில் காட்டுக்குள் நீர்த்தொட்டிகளை நிரப்புகிறார்கள். சில இடங்களில் லாரியில் நீர் போகிறது. சில இடங்களில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து சூரிய ஒளியால் இயங்கும் பம்பு நீர் இறைக்கிறது.

நல்ல தொட்டி எது?

வீட்டில் மாட்டுக்கு வைக்கும் ஆழமான தொட்டி காட்டுக்கு ஆகாது. மான் குட்டியோ, கீரியோ, உடும்போ உள்ளே விழுந்தால் ஏறி வர முடியாமல் இறந்துவிடும். ஆகவே காட்டுத் தொட்டி தட்டைப்போல அகன்று, தரையோடு தரையாக இருக்கவேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்குச் சரிவாக இறங்கவேண்டும். குளம்பு வழுக்காதபடி அடிப்பரப்பு சொரசொரப்பாக இருப்பது நல்லது.

இடம் அதைவிட முக்கியம். சாலைக்கும் வயலுக்கும் அருகில் வைத்தால் மானை நாமே ஆபத்துக்கு அழைத்ததாகும். அடர்ந்த புதரை ஒட்டியும் வைக்கலாகாது. சிறுத்தை பதுங்கியிருந்தால் மானுக்குத் தெரியாது. ஒரே பெரிய தொட்டியைவிடத் தொலைவு விட்டுப் பல சிறு தொட்டிகள் மேல். கூட்டமும் நெருக்கடியும் குறையும். அடிக்கடி கழுவிப் பாசி நீக்கவேண்டும். இல்லையேல் தீவனத் தட்டியில் பரவும் நோய் தண்ணீரிலும் பரவும் அன்றோ! தொட்டிக்கு அருகில் உப்புக்கட்டி வைப்பதும் உண்டு. தழையில் குறைவாக உள்ள தாதுக்களை மான் அதை நக்கிப் பெறுகிறது.

நமக்கு அண்மையில் உள்ள நல்ல எடுத்துக்காட்டு கங்கைகொண்டான். திருநெல்வேலிக்கு வடக்கே, 2013-ஆம் ஆண்டு புள்ளிமான்களுக்கென்றே அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது. பரப்பு ஏறக்குறைய 288 எக்டேர். அதாவது மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. சுற்றிலும் ஊரும் சாலையும். இத்தகைய சிறு காட்டில் கோடையில் உள்ளேயே நீர் கிடைத்தால்தான் மான் வெளியே வராமல் பிழைக்கும். நம் வடக்கே சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் மலைக்காடுகளைக் கொண்ட நெல்லை வனவிலங்கு சரணாலயம் 2015-ஆம் ஆண்டு ஏற்பட்டது. தெற்கே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் 1988 முதல் உள்ளது. அக்காடுகள் பெரியவை, அங்கே மான்கள் நீர் தேடி மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடம்பெயரலாம். அங்கே தொட்டியைவிட, தீ பரவாமல் காப்பதும், புல்லை அமுக்கும் உண்ணிச்செடியை அகற்றுவதுமே பெரிய உதவி. தானாக முளைக்கும் புல்லுக்கு இணையான தீவனம் வேறில்லை.

நாம் செய்யக்கூடியது

மாணவிகளாகிய நாம் காட்டுக்குள் சென்று தொட்டி கட்ட முடியாது; காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதே குற்றம். எனினும் நம்மால் ஆவன உண்டு. குற்றாலத்தில் குரங்குக்கு முறுக்கும் ரொட்டியும் நீட்டாதிருப்போம். நாம் ஊட்டி ஊட்டித்தான் அவை பழம் தேடுவதை மறந்து பைகளைப் பறிக்கக் கற்றுக்கொண்டன. தின்பண்டம் கட்டிய பிளாஸ்டிக் பையை வீட்டுக்கே கொண்டு வருவோம். உப்பும் எண்ணெயும் மணக்கும் பையை மான் தின்றுவிடும். அது வயிற்றில் உருண்டு அடைத்துக்கொள்ளும். 2019-ஆம் ஆண்டு ஜப்பானின் நாரா நகரில் இறந்த மான்களின் வயிற்றில் கிலோக்கணக்கில் பிளாஸ்டிக் இருந்தது. புல்லில் தனியாகப் படுத்திருக்கும் மான் குட்டியைக் கண்டால் தூக்கி வராதிருப்போம். தாய் அதை மறைத்துவைத்துவிட்டு மேயப் போயிருக்கும். நாம் அகன்றால் திரும்பி வரும். வீட்டு மாடியில் ஒரு மண்சட்டியில் சில கூழாங்கற்களை இட்டு நீர் ஊற்றி வைப்போம். சிட்டும் அணிலும் பயமின்றிக் குடிக்கும்.

அவ்வாண்டும் எங்கள் பிடியரிசி முதியோர் இல்லத்துக்கே போயிற்று. அங்குதான் அது உணவு. மானுக்கு அது நஞ்சு. 1979-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவர்கள், சூழலியலாளர்களுக்குப் பாதுகாவலராக அசிசி நகர்ப் புனித பிரான்சிஸை அறிவித்தார்கள். அவர் உயிர்களைச் சகோதரர் என்றழைத்தவர். சகோதரருக்கு நமக்குப் பிடித்ததைக் கொடுத்தால் போதாது; அவருக்கு வேண்டியது எது என்று கேட்டறியவும் வேண்டும். 42-ஆம் திருப்பாடலைப் பாடியவர் தம் ஆன்மாவை மானுக்கு ஒப்பிட்டபோது, அந்த மான் ஏங்கியது உணவுக்கு அன்று, நீருக்கே! அதை ஆலயத்தில் எத்தனையோ முறை பாடியும் நாங்கள் கவனித்ததில்லை. இனிக் கவனிப்போம், தோழியரே!