குளத்து நீரும் கணினி நினைவகமும்

பரந்தனைச் சூழ்ந்த வயல்களில் சிறுபோகம் தொடங்குமுன் கமக்காரர் கூட்டம் நடைபெறும். இரணைமடுக் குளத்தில் நிற்கும் நீர் எத்தனை ஏக்கருக்குப் போதும் என்று கணித்த பின்னரே விதைப்பு முடிவாகும். முளை கிளம்பப் போதுமான நீர் கதிர் முற்றும்வரை போதாது என்பதை அம்மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கணினியில் தரவுத்தள மென்பொருளை நிறுவுவோர் பெரும்பாலும் மறப்பது இதனையே.

மாணவர் பெயர் ஓர் அட்டவணையிலும் பரீட்சைப் புள்ளிகள் மற்றோர் அட்டவணையிலும் இருக்க, சேர்விலக்கத்தால் இரண்டையும் இணைத்துக் காட்டுவது உறவுநிலைத் தரவுத்தளம். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கார் கொட் 1970இல் வெளியிட்ட கொள்கை இது.

பாடசாலையொன்றில் 4 ஜிகாபைட்டு நினைவகமுள்ள பழைய கணினி ஒன்றே உளதெனக் கொள்வோம். ஆரக்கிள் 19சி குறைந்தது 1 ஜிகாபைட்டு நினைவகம் கேட்கிறது. 2 இருத்தல் நன்று என்கிறது. இவ்வளவுதானா என்று மகிழ்வதற்கில்லை. லினக்ஸில் நிறுவுவதாயின் வன்தட்டில் மென்பொருளுக்கு 7 ஜிகாபைட்டுக்கு மேலும், நினைவகத்துக்கு ஈடான மாற்றிடமாக மேலும் 4 ஜிகாபைட்டும் ஒதுக்கல் வேண்டும். மைக்ரோசொவ்ற்றின் எஸ்.கியூ.எல். சேர்வர் 2022 இன் இலவசப் பதிப்பு விண்டோஸில் 512 மெகாபைட்டுடன் அமைகிறது. லினக்ஸிலோ அம்மென்பொருள் 2 ஜிகாபைட்டு கேட்கிறது. ஆகவே, பெயரை மட்டும் வைத்து ஒப்பிடுதல் பிழை.

போஸ்கிரெஸ், மைஎஸ்கியூஎல் ஆகிய இரண்டும் தரவுகளைத் தேக்கிவைக்கத் தொடக்கத்தில் 128 மெகாபைட்டையே எடுத்துக்கொள்கின்றன. எனினும் போஸ்கிரெஸில் இணையும் ஒவ்வொருவருக்கும் தனிச் செயன்முறை ஒன்று எழும். வரிசைப்படுத்தும் வேலைக்கு வேறு நினைவகம் செல்லும். தவணைப் பரீட்சை முடிந்து ஆசிரியர் பலர் ஒருசேரப் புள்ளிகளைப் பதியும் நாளிலேதான் உண்மைத் தேவை வெளிப்படும். நினைவகம் தீர்ந்ததும் கணினி வன்தட்டை நாடும். வேலை நத்தையாய் ஊரும். பழுதென்று எண்ணிப் புதுக் கணினிக்குப் பணம் ஒதுக்குவோரும் உளர்.

ஒருவர் மட்டும் பதிவதாயின் இத்தனையும் வேண்டா. ரிச்சர்ட் ஹிப் 2000இல் உருவாக்கிய எஸ்கியூலைட்டின் நிரற்கூறு 1 மெகாபைட்டளவில் அடங்குவது. தனிச் சேவையகமும் தேவையில்லை. ஒரே வேளையில் ஒருவரே எழுத முடியும் என்பதே அதன் எல்லை. பலர் எழுதும் இடத்தில், நிறுவல் ஏட்டிலுள்ள சிறும அளவைப் பாராது, புள்ளி பதியும் வாரத்து ஆட்தொகையுடன் ஒருநாள் ஓட்டி, எஞ்சும் நினைவகத்தைக் குறித்துக்கொண்டு, அதன் பின்னரே மென்பொருளைத் தெரிதல் தகும்.