போரும் சந்தேகமும் – 9: கோவாவுக்குப் போன படை, பம்பாயில் விழுந்த ஓட்டு

1961 டிசம்பர் 18 அதிகாலை இந்திய ராணுவம் கோவாவுக்குள் நுழைந்தது. மறுநாள் மாலை போர்த்துகீசிய கவர்னர் ஜெனரல் வசாலோ இ சில்வா சரணடைந்தார். 451 ஆண்டு கால ஆட்சி ஒன்றரை நாளில் முடிந்துபோனது. நாடே கொண்டாடியது. ஆனால், பம்பாயில் அப்போதே ஒரு கேள்வி கிளம்பிவிட்டது: இந்தப் படையெடுப்பு கோவாவுக்காகவா, கிருஷ்ண மேனனின் தேர்தலுக்காகவா?

கேட்டவர்களுக்குக் காரணம் இருந்தது. பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன் வடக்கு பம்பாய் தொகுதியின் எம்.பி. இரண்டே மாதத்தில் தேர்தல். ராணுவத்தைச் சீர்குலைத்துவிட்டார் என்று 1961 ஏப்ரலில் மக்களவையிலேயே அவரைச் சாடிய ஆச்சார்ய கிருபளானி, பீகாரின் சீதாமடி தொகுதியை விட்டுவிட்டு அவரை எதிர்க்கவே பம்பாய்க்கு வந்திருந்தார். சுதந்திரா கட்சியும் ஜனசங்கமும் கிருபளானி பக்கம். மேனனுக்காக நேருவே வந்து ஓட்டு கேட்டார். திலீப் குமார் மேடை ஏறினார். எல்லையில் சீனா என்ன செய்கிறது என்பதே கிருபளானியின் பிரசாரம். அந்த நேரம் பார்த்து மேனன் கைக்கு ஒரு வெற்றி கிடைத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கோவா விவகாரம் தேர்தலுக்காக முளைத்ததல்ல. போர்ச்சுகலின் சலாசர் அரசு 14 ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தைக்கே இறங்கி வரவில்லை. 1955 ஆகஸ்டில் ஆயுதமில்லாமல் எல்லை தாண்டிய சத்தியாகிரகிகளைச் சுட்டுக் கொன்றது. 1961 நவம்பரில் கார்வார் அருகே போர்த்துகீசியர் வசமிருந்த அஞ்சதீவிலிருந்து, அவ்வழியே சென்ற ‘சபர்மதி’ கப்பல்மீது குண்டு பாய்ந்தது. சில நாட்களில் மீனவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். போர்த்துகீசியருக்கு எதிராக அங்கோலாவில் ரத்தம் சிந்திக்கொண்டிருந்த ஆப்பிரிக்கர்களும் ‘இந்தியா ஏன் சும்மா இருக்கிறது?’ என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். இங்கே எதிர்க்கட்சிகளும் அதையேதான் கேட்டுவந்தன.

ஆக, போருக்கு நியாயம் பழையது; நாள் குறித்ததில்தான் சந்தேகம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. ராஜாஜி இன்னும் ஒரு படி மேலே போனார். படைபலத்தைப் பயன்படுத்தாதே என்று இனி எந்த நாட்டுக்கும் சொல்லும் தார்மிக உரிமையை இந்தியா இழந்துவிட்டது என்றார். வெற்றிக் களிப்பில் அது யார் காதிலும் ஏறவில்லை.

1962 பிப்ரவரியில் மேனன் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று சீனப் படை இமயமலையைத் தாண்டி இறங்கியது. தயாராக இல்லாத ராணுவம் பின்வாங்கியது. நவம்பர் 7 அன்று மேனன் அமைச்சரவையை விட்டே வெளியேறினார். கிருபளானி எழுப்பிய கேள்விக்குக் காலம் பதில் சொல்ல எட்டு மாதம் ஆனது.

அந்தக் கணக்கைத் தீர்க்கும் வாய்ப்பு 1967இல் வந்தது. இந்த முறை களம், காட்கோபர், செம்பூர் எல்லாம் அடங்கிய வடகிழக்கு பம்பாய் தொகுதி. காங்கிரஸ் தலைவராக காமராஜர் இருந்த நேரம். மேனனுக்குக் கட்சி சீட்டு தரவில்லை. சுயேச்சையாக நின்றார். ஆனால், ஓட்டு வேட்டையில் ஓங்கி ஒலித்தது சீனப் போர் அல்ல. அவர் மராட்டியர் அல்ல என்பதுதான். 1966இல் பிறந்த சிவசேனா, ‘மதராசி’களுக்கு எதிரான தன் ஆத்திரத்தையெல்லாம் கோழிக்கோட்டுக்காரரான மேனன்மீது இறக்கியது. மேனன் காங்கிரஸ் வேட்பாளர் எஸ்.ஜி. பர்வேயிடம் தோற்றார். பர்வே திடீரென்று காலமாக, இடைத்தேர்தலில் அவருடைய சகோதரி தாரா சப்ரேயிடமும் தோற்றார். போரை நடத்திய விதத்துக்காகப் பதில் சொல்லியிருக்க வேண்டிய மனிதர், பிறந்த ஊருக்காகத் தண்டிக்கப்பட்டார். காட்கோபர் தமிழர்களுக்கு அந்தத் தண்டனையின் ருசி தெரியும்.

ஜெயிக்கிற போரில் கேள்வி யார் காதிலும் ஏறுவதில்லை; தோற்ற பிறகு கேட்டால் கோப்புகள் கிடைப்பதில்லை. சீனப் போர்த் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் ப்ரூக்ஸ் அறிக்கை 1963இல் அரசிடம் தரப்பட்டது. இன்றுவரை அரசு அதை வெளியிடவில்லை. கேள்வி கேட்டவர்களைத் தேசத்துரோகி என்பது சுலபம். கோவாவில் காதில் வாங்காமல் விட்ட கேள்விக்கு வடகிழக்கு எல்லையில் சிப்பாய்கள் விலை கொடுத்தார்கள். அடுத்த முறை தேர்தலை ஒட்டி ஒரு போர் வந்தால் ‘ஏன்?’ என்று மட்டும் கேட்காதீர்கள்; ‘ஏன் இப்போது?’ என்றும் கேளுங்கள்.

(அடுத்த வாரம்: பூட்டிய அலமாரிக்குள் ஓர் அறிக்கை)