ஆஸ்பத்திரிக் கட்டிலில் பட்டினி கிடக்கும் நம் பெரியவர்கள்

ஆரணியிலும் அதை ஒட்டிய சேவூரிலும் ஒரு வீட்டுப் பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால், நாம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். டாக்டர் என்ன சொன்னார்? ஸ்கேன் எடுத்தாச்சா? காப்பீட்டு அட்டை செல்லுமா? "அத்தா சாப்பிட்டாரா?" என்றும் கேட்போம். "கொஞ்சம் கஞ்சி குடிச்சார்" என்று பதில் வரும். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம். அந்தக் "கொஞ்சம் கஞ்சி" நாலு நாள், ஐந்து நாள், பத்து நாள் என்று நீளும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

2007ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் எதுவும் இல்லாத 12 முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். பத்தே நாளில் அவர்களுடைய கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துபோனது. அவர்கள் நோயாளிகள் அல்லர், கணக்காகச் சாப்பிட்டு வந்தவர்கள். அப்படியென்றால் காய்ச்சலோடும் கிருமித் தொற்றோடும், கஞ்சியை மட்டும் குடித்துக்கொண்டு படுத்திருப்பவர் நிலை என்ன? குழித்தறியில் காலை விட்டு நாற்பது வருடம் மிதித்து நெய்த ஒருவருக்குக் கால் தசை போவதென்றால் தொழிலே போவதுதான். நிமோனியா குணமாகி வீட்டுக்கு வந்தார், ஆனால் அதற்குப் பிறகு தனியாக எழுந்து நடக்கவே இல்லை என்று எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! வயசாகிவிட்டது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பாதிக் காரணம் தட்டில் மிச்சமிருந்த சாப்பாடாக இருக்கலாம்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். வயதானவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு கிராம் புரதமாவது வேண்டும், நோயுற்ற நேரத்தில் அது 1.2 முதல் 1.5 கிராம் வரை கூடும் என்பது முதியோர் ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்லும் அளவு. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 60 கிராமுக்குக் குறையாமல் தேவை என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு டம்ளர் கஞ்சி, மாலையில் பாலில் நனைத்த ரொட்டித் துண்டு இரண்டு, இரவில் மறுபடியும் கஞ்சி என்று சாப்பிட்டால், எல்லாம் சேர்த்தாலும் இருபது கிராமைத் தாண்டுவது சிரமம். இளநீரிலும் குளுக்கோஸ் தண்ணீரிலும் புரதம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஏறும் டிரிப்ஸைப் பார்த்து "சத்து ஏறுது" என்று நிம்மதி அடைகிறோம். சாதாரண சலைன் பாட்டிலில் இருப்பது உப்பும் தண்ணீரும்தான்.

அதே கஞ்சியைக் கனமாக்குவது பெரிய வித்தை அல்ல. நோன்புக் கஞ்சியில் பாசிப்பருப்பும் கைமாவும் போடும் நமக்கு இது தெரியாதா? ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. கஞ்சியில் முட்டையை உடைத்து ஊற்றி நன்றாகக் கொதிக்க விடலாம். பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்க்கலாம், முள் நீக்கிய மீனை மசித்துப் போடலாம், மேலே ஒரு ஸ்பூன் நெய் விடலாம். அரை டம்ளரே குடித்தாலும் அந்த அரை டம்ளரில் சத்து இருக்கும். ஆஸ்பத்திரி இறைச்சி ஹலாலா என்ற சந்தேகத்தில் தட்டையே தள்ளிவைக்கும் பெரியவர்களுக்கும் முட்டை, பால், பருப்பு, தயிர் ஆகியவற்றில் தடை இல்லையே. ஒன்று மட்டும்: சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குப் புரதமும் இளநீரும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

இனி, ஏன் சாப்பிடவில்லை என்ற கேள்வி. "பசியில்லை" என்ற பதிலோடு நாம் நின்றுவிடக் கூடாது. பல்செட் வீட்டு அலமாரியில் இருக்கும். வாய் வறண்டு, நாக்கில் வெள்ளை படிந்து, எதை வைத்தாலும் கசக்கும். சாப்பாட்டுத் தட்டைக் கைக்கு எட்டாத மேசையில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஊசி போட்ட கையால் இட்லியைப் பிட்டுத் தின்ன முடியாது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நம் பெண்கள் அதை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. கழிப்பறைக்குப் போக யாரையாவது கூப்பிட வேண்டுமே என்ற கூச்சம். ஆண்கள் நடமாடும் வார்டில் பெட்பேன் கேட்பதை நினைத்தாலே நன்னிக்கு உடம்பு கூசும். அதனால் தண்ணீரைக் குறைப்பார், சாப்பாட்டையும் குறைப்பார். துணி அசுத்தமானால் தொழுகை கூடாதே, அடிக்கடி உளூ முறிந்தால் யார் தண்ணீர் கொண்டுவருவது என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும். இதற்கு மருந்து எழுத எந்த டாக்டராலும் முடியாது, வீட்டார்தான் பார்க்க வேண்டும். பெண் நோயாளிக்குத் துணையாகப் பெண் ஒருவர் இருக்கட்டும். சாப்பாட்டுக்கு முன்பே "பாத்ரூம் போய்ட்டு வந்துடலாமா?" என்று நாமாகக் கேட்டுவிட வேண்டும், அவர் கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தயம்மும், உட்கார்ந்தும் படுத்தும் தொழுவது ஆகிய சலுகைகளை உள்ளூர் ஆலிம் ஒருவர் போனில் ஐந்து நிமிடம் எடுத்துச் சொன்னால், அந்தப் பெரியவர் நிம்மதியாக ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார்.

நோயாளியைச் சாப்பிட வற்புறுத்தாதீர்கள் என்ற கருத்துள்ள ஹதீஸைச் சிலர் நினைவுபடுத்துவார்கள். வாயில் திணிப்பது வேறு, பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பேசிப் பிடித்ததைச் செய்து கொடுப்பது வேறு. நோயாளிக்கும் துக்கத்தில் இருப்பவருக்கும் தல்பீனா என்ற வாற்கோதுமைக் கஞ்சியைக் கொடுக்கச் சொன்ன ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பும் புகாரியில் இருக்கிறது.

நலம் விசாரிக்கப் போவது முஸ்லிமுக்கு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமை. ஆனால் எப்போது போகிறோம்? தட்டு வரும் மதிய நேரத்தில் எட்டுப் பேர் கட்டிலைச் சுற்றி நின்றால், சலாத்துக்குப் பதில் சொல்லி, நோய்க்கதையை எட்டாவது முறையாகச் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும். விருந்தாளி முன் தான் மட்டும் சாப்பிடுவதற்கும் நம் பெரியவர்களுக்கு மனம் வராது. சாப்பாட்டு நேரத்துக்கு அரை மணி முன்னும் பின்னும் போகாமல் இருந்தாலே பெரிய உபகாரம். ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிப் போகிறோம், பல்லில்லாதவர் ஆப்பிளை என்ன செய்வார்?

பிரிட்டனில் இதற்கென்றே சாப்பாட்டு நேரத்தில் வார்டில் மற்ற வேலைகளை நிறுத்திவைக்கும் ஏற்பாடும், உதவி தேவைப்படுபவருக்குச் சிவப்புத் தட்டில் உணவு வைக்கும் பழக்கமும் வந்தன. நேரத்தை மட்டும் காத்தால் உண்ணும் அளவு பெரிதாகக் கூடிவிடவில்லை என்று பின்னால் வந்த ஆய்வு சொன்னது. ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. சவுத்தாம்ப்டன் நகர மருத்துவமனையில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து அந்த வேலையைச் செய்ய வைத்தார்கள். நம் ஊரில் நோயாளியுடன் ஒருவர் இருப்பது வழக்கம் என்பதால், அந்த ஆள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார். அவர் செய்ய வேண்டியது என்னவென்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அவ்வளவுதான். துணைக்கு ஆளில்லாத முதியவர்களும் எந்த அரசு மருத்துவமனை வார்டிலும் இருப்பார்கள். ரத்ததானத்துக்கும் ஜனாஸாவுக்கும் ஓடிவரும் நம் ஜமாஅத் இளைஞர்கள், அனுமதி பெற்று மதியம் ஒரு மணி நேரம் அவர்களுக்கு ஊட்டிவிட முடியாதா? வார்டு வாசலில் பிரியாணிப் பொட்டலம் கொடுப்பது நல்ல காரியம்தான், அந்தப் பொட்டலம் இவர்கள் வாய்க்குள் போவதில்லை.

உணவு உயிரைக் காக்குமா என்று கேட்பவர்களுக்கு 2019ல் சுவிட்சர்லாந்திலிருந்து பதில் வந்தது. எட்டு மருத்துவமனைகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சத்துக்குறைவுள்ள நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு அவரவர் தேவைக்கேற்ப உணவைக் கணக்கிட்டுக் கவனித்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சாப்பாடு. முப்பது நாளில் வழக்கமான சாப்பாட்டுப் பிரிவில் நூற்றுக்குப் பத்துப் பேர் இறந்தார்கள், கவனித்த பிரிவில் ஏழு பேர்.

தமிழ்நாட்டுக்கு முதியோர் மருத்துவம் புதிதல்ல. இந்தியாவிலேயே முதல் முதியோர் மருத்துவப் பிரிவை 1978ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராசன் தொடங்கினார். 2024ல் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. நமக்குப் பக்கத்தில் வேலூர் சிஎம்சியிலும் முதியோர் மருத்துவத் துறை இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் உணவு ஆலோசகர் இருப்பார். "டயட்டீஷியனைப் பார்க்கணும்" என்று சேர்த்த அன்றே கேட்கலாம்.

ஊட்டும்போது சில விஷயங்களில் கவனம் தேவை. படுத்த வாக்கில் எதையும் கொடுக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டி, அதன் பின்னும் அரை மணி நேரம் அப்படியே இருக்க விடுங்கள். விழுங்கும்போது இருமினாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ உடனே நிறுத்தி நர்ஸைக் கூப்பிடுங்கள். பக்கவாதம் வந்தவருக்கு, விழுங்க முடிகிறதா என்று மருத்துவமனையில் சோதிக்கும்வரை ஒரு மிடறு தண்ணீர்கூட ஆபத்து, ஸம்ஸம் தண்ணீரும் அப்படித்தான். ஐந்தாறு நாள் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவருக்கு ஒரே நாளில் வயிறு நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் உப்புகள் தாறுமாறாகும். டாக்டர் சொல்லும் அளவில் மெல்லக் கூட்டுவதே பாதுகாப்பு.

சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் போட்ட பிறகு அவர் சாப்பிடாவிட்டால் அதை நர்ஸிடம் சொல்லியே ஆகவேண்டும். சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும், தூங்குகிறார் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். டெஸ்டுக்காக வெறும் வயிற்றில் வைத்து, டெஸ்ட் மாலைக்குத் தள்ளிப்போனால் "இப்போ ஏதாவது கொடுக்கலாமா?" என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

ஒரு பாக்கெட் நோட்டில் ஒவ்வொரு வேளையும் எவ்வளவு சாப்பிட்டார் என்று எழுதுங்கள்: முழுசு, பாதி, கால், ஒன்றுமில்லை. இரண்டு நாள் தொடர்ந்து பாதிக்கும் கீழே என்றால், ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் அந்த நோட்டை நீட்டுங்கள். "சரியா சாப்பிடல" என்ற வார்த்தையைவிட அந்தப் பக்கம் அதிகம் பேசும்.

டிஸ்சார்ஜ் அன்று எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு மாதம் ஒருமுறை பாருங்கள். 50 கிலோ இருந்தவர் மூன்று மாதத்தில் இரண்டரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் அது டாக்டரிடம் போகவேண்டிய விஷயம். எடைபார்க்கும் மிஷினில் நிற்க முடியாதவருக்குத் தையல் டேப்பால் கெண்டைக்காலின் தடித்த இடத்தை அளக்கலாம். 31 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் தசை குறைவு என்று ஓர் அளவுகோல் உண்டு. நம் ஊர் உடல்வாகு சிறியது என்பதால் அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம், மாதாமாதம் குறைகிறதா என்று பார்த்தால் போதும். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையிலிருந்து எழுந்தவர் இருக்கும் வீட்டார், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். ரமலான் நெருங்கும் நேரமாக இருந்தால், நோன்பு வைப்பேன் என்று அவர் பிடிவாதம் பிடிப்பதற்கு முன்பே டாக்டரையும் ஆலிமையும் கலந்து பேசிவிடுங்கள்.