சுவர் இல்லாத அடுக்குகள்

வளிமண்டலத்தை அடுக்கடுக்காகக் காட்டும் பாடநூல் படம் ஒரு நியாயமான ஐயத்தை எழுப்ப வேண்டும். தரையிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. உயரம்வரை நைட்ரஜனும் ஆக்சிஜனும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில்தான் கலந்திருக்கின்றன. பிறகு எதை வைத்து அடுக்கு பிரிக்கிறோம்? வெப்பநிலையை வைத்து. வெயில் எந்தெந்த உயரத்தில் உறிஞ்சப்படுகிறது என்பதே அடுக்குகளைத் தீர்மானிக்கிறது. கீழடுக்கைச் சூடாக்குவது பெரும்பாலும் வெயிலில் காய்ந்த தரைதான். அதனால் மேலே போகப்போக, கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குளிர்கிறது. சூரியனுக்குச் சற்றுப் பக்கத்தில் இருப்பதால் கொடைக்கானல் சூடாகிவிடுவதில்லை. இந்தச் சரிவு எங்கோ நிற்கும் என்று முன்பு யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. பாரிஸ் அருகே வானிலை ஆய்வாளர் லியோன் தெய்செரான் டெ போர் பலூன்களில் கருவிகளை ஏற்றி அனுப்பியபோது, சுமார் 11 கி.மீ.க்கு மேல் வெப்பநிலை குறைய மறுத்தது. வெயில் பட்டுக் கருவி தப்புக் கணக்குக் காட்டுகிறதோ? அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க இரவிலும் பலூன் விட்டார், முடிவு மாறவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட பலூன்களுக்குப் பிறகே, 1902இல், அதை அறிவித்தார்.

கீழடுக்குக்கு மேலே உள்ள மீள் அடுக்கில் ஓசோன் புற ஊதாக் கதிரை உறிஞ்சிச் சூடேற்றுகிறது. ஆகவே அதன் உச்சியில், 50 கி.மீ. அளவில், வெப்பம் 0 டிகிரியை நெருங்குகிறது. ஓசோன் அருகிவிடும் இடை அடுக்கு மறுபடி குளிர்ந்து, 85 கி.மீ. அருகே −90 டிகிரிக்கு இறங்குகிறது. அதற்கும் மேலே ஆக்சிஜன் கடுங்கதிர்களை வாங்கிக்கொள்வதால் வெப்ப அடுக்கு 1000 டிகிரியைக்கூடத் தாண்டும். (கை நீட்டினால் சுடாது; அங்கே துகள்கள் அவ்வளவு அரிது.)

இதெல்லாம் வெப்பமானியில் மட்டும் தெரியும் எல்லைகள்தானே என்று கேட்கலாம். குளிர்ந்த காற்றின்மேல் சூடான காற்று இருந்தால் கீழ்க்காற்று மேலே எழ முடியாது; எல்லையின் பலம் அதுதான். கீழடுக்கில் கலந்த தூசியை மழை சில வாரங்களில் கழுவிவிடும். ஆனால் 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை கக்கிய கந்தக வாயு மீள் அடுக்குக்குள் ஏறிவிட்டது. மழையே இல்லாத அங்கே அது நுண்துளிகளாகி ஓரிரு ஆண்டுகள் தங்கி, உலகின் சராசரி வெப்பத்தை அரை டிகிரி அளவுக்குக் குறைத்தது. தரையின் சூடுதான் கீழடுக்கை உயர்த்துகிறது என்றால் அதன் உயரம் இடத்துக்கு இடம் மாறவேண்டுமே என்பது அடுத்த கேள்வி. மாறத்தான் செய்கிறது: துருவங்களில் 8, 9 கி.மீ.; நிலநடுக்கோட்டில் 16, 17 கி.மீ. அவ்வளவு தூரம் ஏறி ஏறிக் குளிர்வதால், பூமியின் சுட்டெரிக்கும் பகுதிக்கு மேலேதான் கீழடுக்கின் உச்சி −80 டிகிரியில் உறைந்து கிடக்கிறது.