ஸ்பிரிங் ரிவெர்ப் வாங்கும் முன்

ஸ்பிரிங் ரிவெர்ப் ஒரு இயந்திரம். கிட்டார் சிக்னல், ஸ்பிரிங்குகளைத் தாங்கும் ‘டேங்க்’ என்ற பெட்டியின் ஒரு முனையிலுள்ள சின்னக் காந்தங்களை ஆட்டுகிறது. அந்த ஆட்டம் ஸ்பிரிங் வழியே ஓடி, மறுமுனையில் மறுபடி சிக்னலாகிறது. முனைகளில் மோதி முன்னும் பின்னும் அலைவதால் ஓசை நீள்கிறது. கனத்த ஓசையும் கீச்சு ஓசையும் ஸ்பிரிங்கை ஒரே வேகத்தில் கடப்பதில்லை. கிட்டார்காரர்கள் ‘ட்ரிப்’ என்று சொல்லும் அந்தச் சொட்டுச் சத்தம் பிறப்பது இதனால்தான். ஆகவே விலைப்பட்டியலை வைத்து இதைத் தேர்ந்தெடுக்க முடியாது, காதால்தான் முடியும்.

1. எந்த ஓசை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். 1961-இல் ஃபெண்டர் வெளியிட்ட 6ஜி15 தனிப்பெட்டி, கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே நிற்கும். அதில் டுவெல், மிக்ஸ், டோன் என்று மூன்று குமிழ்கள். ஸ்பிரிங்குக்குள் சிக்னலை எவ்வளவு பலமாகத் தள்ளுவது என்பதை டுவெல் தீர்மானிக்கிறது. கலிஃபோர்னியாவின் சர்ஃப் இசைக்கு அடையாளமான ஈர ஓசை இந்தப் பெட்டியிலிருந்து வந்தது. 1963-இல் வைப்ரோவெர்ப் ஆம்புக்குள்ளேயே ரிவெர்ப் குடியேறியது; அங்கே டுவெல் குமிழ் கிடையாது. சர்ஃப் வாசிப்பவருக்கு டுவெல் அவசியம். பாட்டுக்குப் பின்னால் மென்மையாக வாசிப்பவருக்கு ஆம்பின் ஒற்றைக் குமிழே போதும்.

2. வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். டியூப் பெட்டி கனமானது, விலையும் அதிகம்; ஆனால் அதன் அழுத்தமான ட்ரிப் அலாதியானது. சர்ஃபிபேர் போன்ற பெட்டிகளில் முழு நீள டேங்க் உண்டு. டியூபுக்குப் பதில் டிரான்சிஸ்டர் இருக்கும். பாஸ் எஃப்ஆர்வி-1 போன்ற டிஜிட்டல் பெடலில் ஸ்பிரிங்கே இல்லை. ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகிறவருக்கு அதுதான் வசதி. தூக்கிப் போட்டாலும் ஸ்பிரிங் பெட்டியைப்போல் ‘டமார்’ என்று அலறாது.

3. டேங்கின் எண்ணைப் படியுங்கள். ஃபெண்டர் ஆம்புகளில் அதிகம் காணப்படும் எண் 4ஏபி3சி1பி. முதலில் வரும் 4, சுமார் 42 சென்டிமீட்டர் நீள டேங்கைக் குறிக்கிறது. அடுத்த இரண்டு எழுத்துகள் உள்ளீடு, வெளியீட்டு இம்பீடன்ஸ்: 8 ஓம், 2,250 ஓம். அதன்பின் வரும் 3, நீண்ட ஓசை; அந்த இடத்தில் 1 இருந்தால் குறுகியது, 2 இருந்தால் நடுத்தரம். கடைசி எழுத்து, டேங்கை எந்த வாக்கில் பொருத்த வேண்டும் என்பது. இம்பீடன்ஸ் பொருந்தாத டேங்கை மாட்டினால் ஓசை சோனியாகும் அல்லது பிசிறடிக்கும்.

4. பழைய யூனிட் என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். முனைகளிலுள்ள மயிரிழைக் கம்பி அறுந்திருப்பதே வழக்கமான கோளாறு. மீட்டர் அளப்பது இம்பீடன்ஸை அல்ல, நேர்மின் தடையை; மேற்சொன்ன டேங்கில் அது உள்ளீடு ஒரு ஓமுக்குச் சற்றுக் குறைவாகவும், வெளியீடு சுமார் 200 ஓமும் காட்ட வேண்டும். உள்ளீட்டின் எண் சிறிதாக இருப்பதைப் பார்த்து ஷார்ட் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால்தான் கம்பி அறுந்திருக்கிறது.

5. வாசித்துப் பாருங்கள். உங்கள் கிட்டாரையே கொண்டுபோங்கள். குமிழ்களைப் பாதியில் வைத்து, உள்ளங்கையால் தந்திகளை அமுக்கியபடி பிக்கால் சுருக்கெனத் தட்டுங்கள். நல்ல யூனிட் ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியாகச் சொட்டும். மட்டமானதில் எல்லாம் ஒன்றாகக் குழம்பும். பிறகு ஒரு முழுக் கார்டை அடித்து ஓயும்வரை கேளுங்கள். ஏதாவது ஒரு சுரம் மட்டும் தகரம்போல் தனித்து ஒலித்தால் அந்த யூனிட் வேண்டாம். கடைசியாக, வாசிப்பதை நிறுத்திவிட்டு மிக்ஸை முழுதாகத் திருப்புங்கள். ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால் பெட்டியைத் திருப்பியும் நகர்த்தியும் பாருங்கள். டேங்கின் வெளியீட்டு முனை பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு அருகே இருந்தால் இரைச்சல் ஏறும்.

6. டிஸ்டார்ஷன் எங்கே என்று பாருங்கள். டிஸ்டார்ஷன் பெடல் ரிவெர்ப்புக்கு முன்னால் வர வேண்டும். ஆம்பையே பிளறவிட்டு வாசிப்பவர் அதன் முன்னால் ரிவெர்ப் பெட்டியை வைத்தால் எல்லாம் சேறாகிவிடும். அவருக்கு ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் போடத்தக்க யூனிட் தேவை.

7. மின்சாரத்தைச் சரிபாருங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் பெட்டி 120 வோல்ட்டுக்கானது. நம் ஊர் 230 வோல்ட்டில் நேரடியாகச் சொருகினால் கருகிவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். அதை டேங்கிலிருந்து தள்ளி வையுங்கள். பெட்டியின் லேபிளில் 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு இரண்டு யூனிட்டுகள் மிஞ்சினால், டுவெலைக் கொஞ்சம் திருப்பும்போதே ஓசை தெளிவாக மாறுவதை எடுங்கள். அதில்தான் உங்கள் கைக்கேற்ற இடம் கிடைக்கும்.