சும்மாட்டுக்கு மேலே ஒரு கை

காரிமங்கலம் வாரச் சந்தையில் ஒரு மூட்டை தலைக்கு ஏறுவதைச் சற்று நின்று பார்க்கலாம். சாக்கின் வாயைக் கட்டிவிட்டுச் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொள்ளும் பெண், தெரிந்த முகம் வருமா என்று காத்திருக்க மாட்டார். அந்த நேரத்தில் யார் கடந்து போகிறாரோ அவரிடம், "அண்ணா, ஒரு கை புடிங்க" என்பார். போகிறவரும் கையில் இருக்கிற பையைக் கீழே வைத்துவிட்டு, சாக்கின் அடிப்பக்கத்தைப் பிடித்து ஏற்றி விடுவார். நன்றி என்ற பேச்செல்லாம் கிடையாது. அவர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் போய்விடுவார்கள். மொத்தம் ஐந்து நொடி.

இதற்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும். 25 கிலோ மூட்டையைத் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்துக்கு ஏற்றச் சுமார் 390 ஜூல் வேலை. தசைகள் எரிக்கும் ஆற்றலில் கால் பங்குதான் வேலையாக மாறுகிறது என்று வைத்தாலும் 0.4 கிலோகலோரிக்குள் காரியம் முடிந்துவிடும். ஒரு கிராம் சர்க்கரையில் பத்தில் ஒரு பங்கு போதும். கை கொடுத்தவரின் பங்கு அதிலும் பாதி. ஆனால் அந்தப் பெண் தனியாளாகத் தூக்கப் பார்த்தால் அடி விழுவது முதுகெலும்புக்கு. குனிந்து தூக்கும்போது சுமை இடுப்பிலிருந்து தள்ளி இருப்பதால், நெம்புகோல் கணக்குப்படி கீழ்முதுகுத் தசைகள் சுமையைப்போலப் பல மடங்கு விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது. எப்படியோ நெஞ்சுவரை கொண்டுவந்துவிட்டாலும், அங்கிருந்து தலைக்குத் திருப்ப இரண்டு கை போதாது.

தலைக்கு ஏறிவிட்ட பிறகு நடப்பது அவ்வளவு கடினமில்லை. கென்யாவின் லுவோ, கிக்கூயு பெண்களை நடக்கவைத்து, அவர்கள் பயன்படுத்தும் ஆக்ஸிஜனை அளந்த ஆய்வு ஒன்று 1986இல் நேச்சர் இதழில் வந்தது. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை தலையிலோ நெற்றிப் பட்டையிலோ சுமந்தாலும், வெறுங்கையோடு நடப்பதைவிட அவர்களுக்குக் கூடுதல் ஆற்றல் செலவாகவில்லை. பிற்பாடு தென்னாப்பிரிக்காவில் கோசா பெண்களிடம் செய்த ஆய்வில் இந்தச் சலுகை பொதுவானதாகத் தெரியவில்லை; உடல்வாகும் பழக்கமும் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. எப்படியானாலும், தலைச்சுமைக்காரருக்குச் சுமந்து நடப்பதைவிட ஏற்றுவதும் இறக்குவதும்தான் பெரும்பாடு. அந்த இரண்டு இடத்திலும் இன்னொரு ஆள் வேண்டும்.

ஆளே வராத வழியில் என்ன செய்வது? தமிழ்நாட்டின் பழைய பாதைகளில் அதற்கு ஒரு கல் இருந்தது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். நெஞ்சுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரம். நடந்து வருபவர் முழங்காலை லேசாக மடக்கி மூட்டையை அதில் சாய்த்து இறக்கலாம். மூச்சு வாங்கிய பிறகு அதே மட்டத்தில் தலையைக் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். தரைவரை இறக்கினால்தானே ஏற்ற ஆள் வேண்டும்? சுமைதாங்கி என்ற அந்தக் கல், வராத அந்நியரின் இரண்டு கைகளுக்கு மாற்று. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் அதை நடுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, ஊர்பேர் தெரியாதவர்களின் சுமையை இறக்கி வைக்கும் ஏற்பாடு. நட்டவர்களுக்கும் பயன்படுத்தியவர்களுக்கும் முகப்பழக்கமே இருந்திருக்காது.

காரிமங்கலம் இருக்கும் இதே தருமபுரிப் பகுதியில் கிடைத்த வேறொரு கல்லையும் இந்த வரிசையில் சேர்ப்பேன். அதியமான் பெருவழியில் நின்ற 13ஆம் நூற்றாண்டுத் தொலைவுக் கல் அது. நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று எழுத்தில் சொல்லிவிட்டு, கீழே இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். எழுத்துத் தெரியாதவர் குழியைத் தடவி எண்ணிக்கொள்ளலாம், இருட்டில் வருபவரும்தான். படிக்கத் தெரியாத வழிப்போக்கன் ஒருவன் வருவான், அவன் யாரிடமும் கேட்டுக் கூச வேண்டாம் என்று யாரோ முன்கூட்டியே நினைத்திருக்கிறார்கள். (தருமபுரி, கொடை என்றதும் அதியமான் ஔவைக்குத் தந்த நெல்லிக்கனியை எடுத்துவிடுவது நம் வழக்கம். இங்கே அது பொருந்தாது. அவர்கள் இருவரும் நண்பர்கள்.)

நண்பர்களுக்கும் உறவுகளுக்கும் உதவுவதை அறிவியல் ஓரளவு எளிதாகவே விளக்கிவிட்டது. ரத்த உறவுக்குச் செய்யும் உதவி, நம்முடைய மரபணுக்களின் நகல்களுக்கே போய்ச் சேருகிறது என்று 1964இல் கணக்கோடு காட்டினார் வில்லியம் ஹாமில்டன். உறவில்லாதவர்களுக்கு விளக்கம் தந்தவர் ராபர்ட் டிரிவர்ஸ், 1971இல்: கொடுப்பவருக்குச் செலவு சிறிது, வாங்குபவருக்குப் பயன் பெரிது, நாளை அது திரும்பி வரும் என்றால் அந்தக் குணம் நிலைக்கும். கோஸ்டா ரிகாவின் ரத்தம் குடிக்கும் வௌவால்களில் இதைப் பார்த்தார் ஜெரால்ட் வில்கின்சன். இரை கிடைக்காமல் இரண்டு மூன்று இரவு போனால் அந்த வௌவால் செத்துவிடும். குடித்துவிட்டு வந்த பழகிய வௌவால் தன் வயிற்றிலிருந்து கொஞ்சம் கக்கிக் கொடுக்கிறது.

சந்தை மூட்டையில் செலவும் பயனும் டிரிவர்ஸ் சொன்னபடியே இருக்கின்றன. திரும்பி வரும் என்பதுதான் இல்லை. கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும் ஊர் காரிமங்கலம். சந்தைக்கு வருகிறவர்கள் எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள். பிறகு ஏன் நிற்கிறார் அந்த மனிதர்? 2011இல் டெல்டன் உள்ளிட்ட கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் கணினியில் இதை ஓட்டிப் பார்த்தார்கள். இவரை மறுபடி பார்ப்போமா மாட்டோமா என்பது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாத உலகம் அது. மறுபடி சந்திக்கப்போகிறவரை அந்நியர் என்று நினைத்து ஒதுக்கினால் நீண்ட கால உறவு ஒன்றே போய்விடும். அந்நியரைத் தெரிந்தவர்போல் நடத்தினால் போவது ஒருமுறைச் செலவு மட்டும். தலைமுறைகள் செல்லச் செல்ல, இரண்டாவது தவற்றின் பக்கம் சாய்கிறவர்களே பெருகினார்கள். இது மாதிரிக் கணக்குதான், மனித வரலாறு முழுவதற்குமான சான்று இல்லை. என்றாலும் ஆளைப் பார்த்தவுடன் கை நீளுவதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் படித்ததில்லை.

அப்படியானால் உதவி எங்கே தடைபடுகிறது? முதல் தடை கேட்பவரிடம். ஃப்ரான்சிஸ் ஃபிளின், வனெஸ்ஸா லேக் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், உதவி கேட்கப் போகிறவர்கள் எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்று முன்கூட்டிச் சொன்னார்கள். சம்மதித்தவர்களின் எண்ணிக்கையை ஏறக்குறையப் பாதிவரை குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். மறுக்கிற சங்கடம் எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு பெரிது என்பது கேட்பவருக்குத் தெரிவதில்லை. மற்றவர்களைத் தவறாகக் கணிப்பதில் பொருளியல் நிபுணர்களும் விதிவிலக்கில்லை. இந்தியா உட்பட 40 நாடுகளில் 17,000க்கும் மேற்பட்ட பர்ஸுகளைத் தொலைந்த பொருள்போல் ஒப்படைத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வந்தது. பணமில்லாத பர்ஸுகளில் 40 விழுக்காட்டுக்கும் பணம் இருந்தவற்றில் 51 விழுக்காட்டுக்கும் உரியவரைத் தேடித் தகவல் போனது. பணம் இருந்தால் கூடுதலாகத் திரும்பும் என்று பெரும்பாலான நிபுணர்கள் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாவது தடை, கொடுப்பதைச் சரியாகக் கொடுக்காதது. சித்திரை வெயிலில் நெடுஞ்சாலை ஊர்களில் தண்ணீர்ப் பந்தல் முளைக்கும். நாலு மண்பானை, ஒரு டம்ளர், இருபதடி ஃபிளெக்ஸ் பேனர். பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது மீதி நீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கணக்குப்படி, நூற்றில் இரண்டு பங்கு நீர் ஆவியானாலே மீதி நீரை 10 டிகிரிக்குமேல் குளிர்விக்கலாம். வெளிவெப்பம் உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. பேனருக்கும் அறிவியலில் இடமுண்டு. ஊரறியக் கொடுப்பது தன் வசதியையும் நல்ல பெயரையும் விளம்பரம் செய்யும் உத்தி என்று விலங்கியலாளர்கள் சொல்வார்கள். தலைவர் படம் பெரிதாகிப் பானை சிறிதாகும்போது எனக்கும் எரிச்சல் வரும்தான். தாகத்தோடு வருபவருக்கு அது முக்கியமில்லை.

தருமபுரி மாவட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பானையில் ஊற்றியது எந்தத் தண்ணீர்? பாறையிலிருந்து கரையும் ஃபுளோரைடு இங்கே பல ஆழ்துளைக் கிணறுகளில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டுகிறது. ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லில் கறையும் எலும்பில் இறுக்கமும் வரும். கொதிக்க வைத்தால் நீர்தான் குறையும், ஃபுளோரைடு அப்படியே இருக்கும். இதற்காகவே வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2013இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் வந்தது. வழிப்போக்கர் குடிக்கும் ஒரு டம்ளர் போர்த் தண்ணீரால் எலும்பு இறுகிவிடாது. நாள்தோறும் அதே பந்தலில் குடிக்கும் பூ விற்பவருக்கும் ஆட்டோக்காரருக்கும் காவிரி நீர் ஊற்றுவதே உண்மையான கொடை.

மூன்றாவது தடை வேகம். 1973இல் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் பிரின்ஸ்டன் இறையியல் மாணவர்கள் 40 பேரைப் பக்கத்துக் கட்டடத்தில் போய்ப் பேசச் சொன்னார்கள். சிலருக்குத் தலைப்பே வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியன் கதை. வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து முனகுவார். அவர் ஆய்வாளர்களின் ஆள். நேரம் இருக்கிறது என்று அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காடு. பேசப்போகும் தலைப்பால் பெரிய வித்தியாசம் ஏதும் இல்லை.

தலைச்சுமையோடு நடப்பவருக்கு நூறு மீட்டர் தூரத்தைக் கடக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். காரிமங்கலம் வழியாக ஸ்ரீநகர் – கன்னியாகுமரி நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு நான்கு நொடி. அதற்குள் பார்த்து, புரிந்து, முடிவெடுத்தாலும் வண்டி நிற்க இன்னும் தூரம் வேண்டும். இதே சாலையில் தெற்கே போனால் தொப்பூர் கணவாய். அங்கே நடக்கும் விபத்துகளைச் செய்தித்தாள் படிக்கிறவர்கள் அறிவார்கள்.

நின்றாலும் பயம் இருக்கிறது. சேவ்லைஃப் அறக்கட்டளை 2013இல் எடுத்த கணக்கெடுப்பில், நூற்றுக்கு 74 பேர் சாலையில் அடிபட்டவருக்கு உதவத் தயங்குவோம் என்றார்கள். அவர்களில் 88 விழுக்காட்டினர் சொன்ன காரணம், போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்பது. அந்த அமைப்பு தொடுத்த வழக்கில் 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் உதவுபவருக்கான பாதுகாப்பு விதிகளுக்குச் சட்ட வலிமை தந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவர் பெயர், முகவரி தர வேண்டிய கட்டாயமில்லை. மருத்துவமனை அவரிடம் முன்பணம் கேட்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவும் ஒரு வரம்புவரை அரசுடையது.

இந்த உரிமைகளை வட்டார மொழியிலும் எழுதி, கண்ணில் படும்படி நுழைவாயிலிலோ வேறு பொருத்தமான இடத்திலோ வைக்க வேண்டும் என்பது அரசு, தனியார் என்று எல்லா மருத்துவமனைகளுக்கும் உள்ள விதி. அடுத்த முறை யாரையாவது பார்க்க மருத்துவமனைக்குப் போகும்போது அந்தப் பலகை எங்கே என்று தேடிப் பாருங்கள். கண்ணில் படவில்லையென்றால் வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் கேளுங்கள். சட்டப்படி நீங்கள் கேட்கக்கூடிய கேள்விதான் அது.